முந்தி வந்த அருள்

புதுச்சேரிக் கடலில் அந்தக் காலத்தில் கப்பல் கரையை ஒட்டி நிற்காது. ஆழம் போதாததால் தொலைவிலேயே நங்கூரம் போட்டுவிடும். கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஆளையும் சரக்கையும் கொண்டுசேர்த்தவை சலங்குகள். ஆணி அடிக்காமல் பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டிய படகுகள் அவை. அலை அறையும்போது உடையாமல் நெளிந்துகொடுக்கும். 1860களில் கடலுக்குள் நீளும் இரும்புப் பாலம் ஒன்றைக் கட்டிய பிறகும், கப்பல் வயிற்றிலிருந்து சலங்குக்குச் சரக்கு இறக்குவது ஆபத்தான வேலையாகவே இருந்தது. கப்பல் ஒரு பக்கம் ஆடும், சலங்கு மறுபக்கம் ஆடும், நடுவில் கயிற்றில் பெட்டி தொங்கும்.

1877-இல் பிரான்ஸிலிருந்து வந்த ஒரு பெட்டி இப்படி இறக்கும்போது மூன்று முறை நழுவி விழுந்தது என்பார்கள் வில்லியனூர்க்காரர்கள். திறந்து பார்த்தால், உள்ளே இருந்த மாதா சுரூபத்தில் ஒரு கீறல்கூட இல்லையாம். தலைமுறை தலைமுறையாகப் பாட்டிமார் சொல்லிவரும் கதை இது. லூர்து மாதாவுக்கென்று ஆசியாவில் எழுந்த முதல் கோயில் எங்களுடையது என்று பெருமைப்படும் ஊர், தன் மாதா வந்திறங்கியதையும் புதுமையாகச் சொல்வதில் வியப்பில்லை.

விழுந்தும் பழுதுபடாத சுரூபம். சொன்னவர்கள் அறிந்து சொன்னார்களோ என்னவோ, அந்தச் சுரூபம் எந்தப் போதனையின் உருவமோ அதையே இந்தக் கதை ஒரு நிகழ்ச்சியாக்கிவிடுகிறது. மனிதகுலம் முழுவதும் பாவத்தில் விழுந்தபோது ஒருத்தி மட்டும் பழுதுபடாமல் காக்கப்பட்டாள். அவள் எதையும் செய்வதற்கு முன்பே, கேட்பதற்கும் முன்பே, கடவுளின் அருள் அவளிடம் வந்துவிட்டது. கத்தோலிக்கர் இதை அமலோற்பவம் என்பார்கள். பாவத்திலிருந்து விடுதலை என்ற கிறிஸ்தவப் பேச்சுக்கெல்லாம் அடியில் கிடக்கும் கேள்விக்கு இது ஒரு பதில். விடுதலையை நாம் சம்பாதிக்கிறோமா, பெற்றுக்கொள்கிறோமா? சுரூபம் வந்த வழியைத் தொடர்ந்து போனால் அந்தக் கேள்வியும் கூடவே வருகிறது.

பழைய சிறையில் ஒரு குடும்பம்

சுரூபத்தின் கதை பிரான்ஸின் தெற்கே பிரெனே மலையடிவாரத்தில், லூர்து என்ற சிற்றூரில் தொடங்குகிறது. அங்கே பிரான்சுவா சுபிரூ என்ற மாவு ஆலைக்காரர் தொழிலில் நொடித்துப்போனார். 1857-இல் அவர் குடும்பம் ஒரே அறைக்குக் குடிபெயர்ந்தது. அந்த அறை ஊரின் பழைய சிறைச்சாலை. கைதிகளை அடைத்துவைக்கக்கூட லாயக்கில்லை என்று கைவிடப்பட்ட இடம். அதே ஆண்டு, மாவு மூட்டை திருடினார் என்ற சந்தேகத்தில் பிரான்சுவாவைப் பிடித்துச் சில நாள் காவலில் வைத்துவிட்டு விட்டார்கள். மூத்த மகள் பெர்னதெத் ஆஸ்துமா நோயாளி, காலராவில் பிழைத்தவள், எழுதப் படிக்கத் தெரியாதவள். பதினான்கு வயதாகியும் ஞான உபதேசம் முழுதாகத் தெரியாததால் புதுநன்மை வாங்காமல் இருந்தாள்.

1858 பிப்ரவரி 11 அன்று விறகு பொறுக்கப் போன இடத்தில், மசபியேல் பாறைக் குகையில், வெள்ளை உடையும் நீல இடைக்கச்சையுமாக ஒரு பெண்மணியைக் கண்டதாக அவள் சொன்னாள். ஜூலை 16 வரை பதினெட்டு முறை அந்தக் காட்சி தொடர்ந்தது.

அவற்றில் இரண்டு நாட்கள் நம் கதைக்கு முக்கியம். முதலாவது பிப்ரவரி 25. ஊற்றில் குடித்து முகம் கழுவு என்று பெண்மணி சொன்னதாகப் பெர்னதெத் சொன்னாள். அங்கே ஊற்றே இல்லை. அவள் தரையைக் கையால் தோண்டினாள். சேறுதான் வந்தது. மூன்று முறை துப்பிவிட்டு நான்காம் முறை விழுங்கினாள், முகத்தில் பூசிக்கொண்டாள், அங்கிருந்த புல்லையும் தின்றாள். கூடியிருந்தவர்கள் பைத்தியம் என்றார்கள். ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டவர்களிடம், பாவிகளுக்காக என்று மட்டும் பதில் சொன்னாள். பிறகுதான் அந்தச் சேற்றிலிருந்து தெளிந்த நீர் ஓடத் தொடங்கியது. அந்த நீர் இன்றும் ஓடுகிறது.

இரண்டாவது நாள் மார்ச் 25. பெண்மணியின் பெயரைக் கேட்டு வா என்று பங்குத்தந்தை பெய்ரமால் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அன்று பெயர் கிடைத்தது. ‘நானே அமலோற்பவம்’ என்ற பொருளில், அவளுடைய வட்டாரப் பேச்சிலேயே. அவளுக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை. மறந்துவிடக் கூடாதே என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே ஓடி, பங்குத்தந்தையிடம் ஒப்பித்தாள். நான்கு ஆண்டுக்கு முன், 1854 டிசம்பர் 8 அன்று, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் மறையுண்மையாக அறிவித்த அதே சொல்.

திருச்சபை நாட்காட்டியில் மார்ச் 25 மங்கள வார்த்தைத் திருநாள். வானதூதர் வந்து சொன்னதைக் கேட்டு மரியாள் தன்னை ஆண்டவரின் அடிமையாக ஒப்புக்கொடுத்து ‘ஆகட்டும்’ என்ற நாள். கீழ்ப்படிதலின் திருநாளில் அருளின் பெயர் சொல்லப்பட்டது. இரண்டுக்கும் உள்ள முறை இதிலேயே தெரிகிறது: அருள் அவள் கருவான கணத்தில் வந்தது, ‘ஆகட்டும்’ என்ற பதில் பல ஆண்டுகள் கழித்து வந்தது.

சிற்பியிடம் திருப்தி இல்லை

1862 ஜனவரியில் தார்ப் மறைமாவட்ட ஆயர் லொரான்ஸ் அந்தக் காட்சிகளை நம்பத்தக்கவை என்று அறிவித்தார். குகைக்கு ஒரு சுரூபம் வேண்டும் என்று லியோன் நகரச் சிற்பி ஜோசப் ஃபாபிஷிடம் வேலையை ஒப்படைத்தார்கள். அவர் பெர்னதெத்தை நேரில் சந்தித்து, கை எப்படி இருந்தது, தலை எப்படி இருந்தது என்றெல்லாம் விசாரித்து, கராரா சலவைக்கல்லில் செதுக்கினார். 1864 ஏப்ரல் 4 அன்று அதைக் குகை மாடத்தில் நிறுவினார்கள். பெர்னதெத் அன்று நோயில் கிடந்தாள்.

பிறகு பார்த்தபோது, இது தான் கண்டவர் இல்லை என்றாள். உயரம் அதிகம், வயது அதிகம், தலையை இவ்வளவு அண்ணாந்து பார்க்கவில்லை என்பது அவள் குறை. ஆனாலும் அந்த உருவம்தான் உலகமெங்கும் போனது: வெள்ளை உடை, நீலக் கச்சை, கூப்பிய கை, கையில் செபமாலை, பாதத்தில் பொன் ரோஜா. நாகர்கோவில் முதல் நைரோபி வரை தெருமுனைக் கெபிகளில் நாம் பார்ப்பதெல்லாம் அதன் வாரிசுகள். கண்டவளே ஏற்காத உருவத்தின் முன் கோடிப்பேர் மண்டியிட்டார்கள். சுரூபத்துக்குத் தன்னளவில் சக்தி இல்லை, அது காட்டும் திசைக்குத்தான் மதிப்பு என்று திருச்சபை சொல்லிவருவதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

1870-71 போரில் பிரஷ்யாவிடம் தோற்ற பிரான்ஸ், தோல்வியைத் தன் பாவத்தின் பலனாகப் பார்த்தது. லூர்துக்கு ரயில் ரயிலாக யாத்திரிகர்கள் போனார்கள். 1876 ஜூலையில் மேல்கோயிலை அபிஷேகம் செய்து, மறுநாள் மாதா சுரூபம் ஒன்றுக்கு மகுடம் சூட்டினார்கள். அதே ஆண்டு வில்லியனூரில் கோயில் வேலை தொடங்கியது. அடுத்த ஆண்டு சுரூபம் கப்பலேறியது. சூயஸ் கால்வாய் 1869-இல் திறந்துவிட்டதால், முன்பு மாதக்கணக்கில் நீண்ட பயணம் வாரங்களாகச் சுருங்கியிருந்தது.

புதுவைக்குப் பழகிய பெயர்

பெட்டியில் வந்த போதனை புதுச்சேரிக்குப் புதிதில்லை. மிஷன் வீதியில் நிற்கும் சம்பா கோயில் என்கிற பேராலயமே அமல உற்பவ மாதா பெயரில்தான் இருக்கிறது. இப்போதுள்ள கட்டடம் 1791-இல் எழுந்தது. 1761-இல் ஆங்கிலேயர் ஊரைப் பிடித்துத் தரைமட்டமாக்கியபோது அதற்கு முந்திய கோயிலும் போயிற்று. ஆக, ரோமாபுரி மறையுண்மையாக அறிவிப்பதற்கு வெகு காலம் முன்பே புதுவைக் கிறிஸ்தவர்கள் அந்தப் பெயரில் வேண்டிக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் என்று பெண் பிள்ளைகளுக்கும், அமலோற்பவநாதன் என்று ஆண் பிள்ளைகளுக்கும் பெயர் வைத்தார்கள். பின்னால் லூர்துமேரியும் லூர்துசாமியும் சேர்ந்துகொண்டார்கள்.

பக்தி முன்னே போக, இறையியல் மூச்சிரைக்கப் பின்னே வந்தது. எல்லாரையும் மீட்டவர் கிறிஸ்து என்றால், பாவமே தொடாத மரியாளுக்கு மீட்பர் எதற்கு என்ற கேள்வியில் தாமஸ் அக்குவினாசு போன்ற மேதையே தடுமாறினார். 1308-இல் இறந்த டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற பிரான்சிஸ்கன் துறவி முடிச்சை அவிழ்த்தார். காப்பாற்றுவதில் இரண்டு விதம் உண்டு என்றார் அவர். பாகூர் ஏரியை வைத்து இதைச் சொல்லலாம். கரை உடைந்து வெள்ளத்தில் போகிறவனை இழுத்துக் கரையேற்றுவதும் காப்பாற்றுவதுதான்; உடையும் முன்னே கரையை உயர்த்திக் கட்டுவதும் காப்பாற்றுவதுதான். இரண்டாவது விதத்தில் காப்பாற்றப்பட்டவன் அதிகமாகக் கடன்பட்டவன், குறைவாக இல்லை. மரியாள் அப்படிக் காப்பாற்றப்பட்டாள். அவளுக்கும் மீட்பர் கிறிஸ்துவே. அவளுடைய தூய்மை அவள் சாதித்தது என்றால் அவள் நமக்கு எட்டாத வீராங்கனை. அது அவளுக்குக் கொடுக்கப்பட்டது என்பதால், அவளும் நாமும் ஒரே கையை நோக்கி நிற்கிறோம்.

ஒரே கரை, இரண்டு சரக்கு

சுரூபம் வந்த ஆண்டைத் தமிழ்நாடு வேறொரு பெயரில் நினைவில் வைத்திருக்கிறது. 1876-இல் மழை பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று ஒப்பாரியிலும் வசவிலும் இன்றும் நிற்கும் பஞ்சம் அது. 1877-இல் உச்சத்துக்குப் போனது. பிரிட்டிஷ் இந்தியாவில் மட்டும் ஐம்பது லட்சத்துக்கு மேல் மாண்டார்கள். நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது அரைக் கிலோவுக்கும் குறைவான தானியம் போதும் என்று ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி அளவு வைத்தார். கஞ்சித் தொட்டியைத் தேடிச் செங்கற்பட்டிலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் சனங்கள் நடந்தார்கள்.

புதுவைக் கடற்கரையில் இன்னொரு வாணிகமும் நடந்துகொண்டிருந்தது. பிரான்ஸ் 1848-இல் தன் குடியேற்ற நாடுகளில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டுமே! 1850களிலிருந்து புதுச்சேரியிலும் காரைக்காலிலும் ஒப்பந்தக் கூலிகளைக் கப்பலேற்றினார்கள். மார்தினிக், குவாதலூப், ரெயூனியன் தீவுகளுக்கு அவர்கள் போனார்கள். குவாதலூப்புக்கு மட்டும் இந்தியாவிலிருந்து போனவர்கள் சுமார் 42,000 பேர். பலர் திரும்பவே இல்லை. சுரூபம் வந்திறங்கிய 1877-இலும் அந்தக் கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன.

ஆண்டவரின் அடிமை என்று தன்னைச் சொல்லிக்கொண்டவளின் உருவம் கரையிறங்குகிறது. அதே கரையிலிருந்து அடிமை என்ற பெயர் மட்டும் நீங்கிய அடிமைகள் கப்பலேறுகிறார்கள். இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு புதுவைச் சிறுவன் அன்று கேட்டிருந்தால் ஞான உபதேசியார் திணறியிருப்பார். வித்தியாசம் இருக்கிறது. தூதர் சேதி சொல்லிவிட்டு நின்றார். நாசரேத்துப் பெண் ‘இது எப்படி ஆகும்’ என்று எதிர்க்கேள்வி கேட்டாள், விளக்கம் வந்தது, பிறகுதான் சம்மதித்தாள். கடவுள் அவள் பதிலுக்குக் காத்திருந்தார். பசியில் வந்தவனின் கைநாட்டை வாங்கிக்கொண்ட ஏஜெண்டு யாருடைய பதிலுக்கும் காத்திருக்கவில்லை. உரோமையருக்கு எழுதிய கடிதத்தின் ஆறாம் அதிகாரத்தில் புனித பவுல், பாவத்துக்கு அடிமையாக இருந்தவர்கள் விடுதலையாகிக் கடவுளுக்கு அடிமையானார்கள் என்று வாதிடுகிறார். அவர் காலத்தில் ஏலத்தில் விற்கப்பட்ட அடிமைகளே அதைக் கேட்டிருப்பார்கள். ஒரு எஜமானின் கூலி சாவு. மற்றவர் கொடுப்பது கூலியே இல்லை, இனாம் என்பது அவர் வாதத்தின் முடிவு. கூலிக்கும் இனாமுக்கும் உள்ள தூரத்தைப் பஞ்ச காலத்துக் கரையில் நின்றவர்களுக்கு விளக்க வேண்டியிருந்திருக்காது.

பஞ்சத்தின்போது புதுவை மிஷனில் ஆயிரக்கணக்கானோர் ஞானஸ்நானம் பெற்றார்கள். அப்போதைய ஆயர் லவுனான் பாரிஸ் வெளிநாட்டு மிஷன் சபையைச் சேர்ந்தவர். இந்திய சமயங்களைப் பற்றிப் பெரிய நூல் எழுதிய படிப்பாளி. சேத்துப்பட்டுப் பக்கம் தாராஸ் சுவாமியார் ஊர் ஊராகப் போனார். பின்னால் அங்கேயும் ஒரு லூர்து மாதா கோயில் எழுந்தது. கஞ்சிக்காக வந்த கிறிஸ்தவர்கள் என்ற ஏளனம் அன்றே கிளம்பியது, இன்றும் ஓயவில்லை. வந்தவர்களில் கஞ்சிக்காக வந்தவர்கள் உண்டுதான். ஆனால் தகுதி பார்க்காமல் கொடுப்பதுதான் அருள் என்று கற்பிக்கிற மதம், பசித்து வந்தவனிடம் தகுதிச் சான்று கேட்க முடியாது. கஞ்சி ஊற்றியவர்கள் பதிலுக்கு ஞானஸ்நானத்தை எதிர்பார்த்திருந்தால், அங்கே இனாம் கூலியாகிவிட்டது என்றும் சொல்ல வேண்டும். தராசு இரண்டு பக்கமும் ஆடுகிறது.

வில்லியனூர்ச் சாலை

விழுப்புரம் ரயில் புதுவைக்கு வந்தது 1879-இல். ஆகவே சுரூபம் சாலை வழியேதான் போனது. ரெட்டியார்பாளையம், மூலகுளம், அரும்பார்த்தபுரம் தாண்டிச் சுமார் பத்து கிலோமீட்டர். சாலை போய்ச் சேரும் ஊர் வெறும் ஊர் இல்லை. கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீசுவரர் கோயிலின் கோபுரம் தொலைவிலேயே தெரியும். வைகாசியில் அந்தக் கோயில் தேரின் வடத்தைப் பிரெஞ்சு கவர்னரே வந்து பிடிப்பார். இன்று துணைநிலை ஆளுநரும் முதல்வரும் அந்த வழக்கத்தைத் தொடர்கிறார்கள். பக்கத்திலேயே சுல்தான்பேட்டை முஸ்லிம்கள். அருகில் சங்கராபரணி ஆறு. தேரும் ஆறும் தர்காவும் ஏற்கெனவே இருந்த ஊருக்குள் ஒரு பிரெஞ்சு மலைக் குகை மாதா குடிபுகுந்தாள்.

வந்தவள் ஊர் வழக்கத்துக்குப் பழகிக்கொண்டாள். அதற்குச் சுமார் நூற்றைம்பது ஆண்டுக்கு முன்னால், கோணான்குப்பத்தில் வீரமாமுனிவர் மாதாவுக்குச் சேலை கட்டிப் பெரியநாயகி என்று பெயரும் வைத்தார். வில்லியனூர் மாதா வெள்ளை கவுனை மாற்றவில்லை. சுற்றியிருந்தவர்கள்தான் எல்லாவற்றையும் தமிழாக்கினார்கள். கோயிலுக்கு முன்னால் படிக்கட்டோடு ஒரு திருக்குளம் வெட்டி, லூர்து ஊற்று நீரைக் கொண்டுவந்து கலந்தார்கள். மாதா கோயிலுக்குக் குளம் இருப்பது அபூர்வம். மசபியேலில் பெர்னதெத் தோண்டிய சேற்றுக் குழி இங்கே தமிழ்க் கோயில் குளமாகிவிட்டது. உயிர்ப்புத் திருநாளுக்குப் பின் கொடியேற்றம், நவநாள், ஆடம்பரத் தேர்பவனி. பாகூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் சனங்கள் வருவார்கள். எல்லாரும் கிறிஸ்தவர்கள் இல்லை. மொட்டை போடுவதும் மெழுகுவத்தி ஏற்றுவதும் நடக்கும். குளத்து நீரைப் பாட்டிலில் பிடித்துப் போவார்கள்.

1886-இல், பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயரின் அனுமதியோடு, லவுனான் ஆண்டகை சுரூபத்துக்கு மகுடம் சூட்டினார். அதே ஆண்டுதான் புதுவை உயர்மறைமாவட்டமாகி அவர் அதன் முதல் பேராயரானார். ஆண்டவரின் அடிமைக்கு ராணியின் கிரீடம். கிறிஸ்தவத்தில் இது புகழ்ச்சி மட்டுமில்லை, கணக்கும்கூட. கீழ்ப்படிந்தவளை உயர்த்தியவர் வேறொருவர். அவளாக ஏறி உட்காரவில்லை.

தெருவுக்குள் போகாத தேர்

பாவத்திலிருந்து விடுதலை என்றதும் குடி, பொய், காமம் என்று தனியாள் கணக்கைத்தான் பிரசங்கத்தில் கேட்கிறோம். தமிழ்க் கிறிஸ்தவத்தின் மிகப் பழைய பாவம் கோயிலுக்குள்ளேயே சுவராக நின்றது. 1745 அக்டோபரில் புதுவைச் சம்பா கோயிலில் நடந்ததை ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். கோயிலுக்குள் ஒரு பக்கம் பறையர் கிறிஸ்தவர்கள், மறுபக்கம் வெள்ளையரும் மற்ற சாதிக் கிறிஸ்தவர்களும், நடுவில் சுவர். ஒதுக்கப்பட்டவர்கள் முறையிட்டார்கள், சுவரை இடித்தார்கள், சாதிக் கிறிஸ்தவர்கள் கொதித்தெழுந்தார்கள். ஜென்மப் பாவம் எல்லாருக்கும் சமமாக உண்டு என்று ஒப்புக்கொண்டவர்கள், ஜென்மத்தை வைத்தே ஒருவரை ஒருவர் தள்ளிவைத்தார்கள்.

இது பழங்கதையாகிவிடவில்லை. 2008 மார்ச்சில் இதே உயர்மறைமாவட்டத்தின் எறையூரில், செபமாலை மாதா கோயில் ஊரில், வன்னியக் கிறிஸ்தவர்களுக்கும் தலித் கிறிஸ்தவர்களுக்கும் மோதல் வெடித்தது. சவ ஊர்வலம் பொதுப்பாதையில் போவதும், தனிப் பங்கு வேண்டும் என்பதும் அன்றைய கோரிக்கைகள். போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். தேர் எந்தத் தெருவுக்குள் நுழையும், கல்லறையில் எந்தப் பக்கம் யாருக்கு என்ற சண்டை வட தமிழகத்துப் பல பங்குகளில் திருவிழாவுக்குத் திருவிழா தலைதூக்குகிறது.

அருள் என்ற போதனையின் கூர்மை இங்கேதான் தெரிகிறது. சாதி என்பது பிறப்பால் ஒருவனுக்குத் தகுதி உண்டு என்கிற ஏற்பாடு. அருள் என்பது பிறப்பாலோ உழைப்பாலோ யாருக்கும் தகுதி இல்லை, எல்லாருக்கும் கொடுக்கப்பட்டிருக்கிறது என்கிற ஏற்பாடு. இரண்டையும் ஒரே நெஞ்சில் வைத்துக்கொள்ள முடியாது. வைத்துக்கொண்டிருக்கிறோம் என்றால், ஒன்றை வாயளவில்தான் வைத்திருக்கிறோம் என்று அர்த்தம்.

முன்னும் பின்னும்

திருவிழா நாளில் கோயில் ஓரத்தில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நிற்கும். இப்போது ஒப்புரவு அருட்சாதனம் என்கிறார்கள். ஊரில் பழைய பெயரே வழங்குகிறது. சொல்ல வேண்டியதைச் சொன்னதும், சுவாமியார் ஒரு சிறிய அபராதம் விதிப்பார். இத்தனை செபம் சொல், எடுத்ததைத் திருப்பிக் கொடு, சண்டை போட்டவனிடம் பேசு. பிறகு பாவமன்னிப்பு ஆசீர் அளிப்பார். அபராதத்தை அதற்குப் பிறகு, வெளியே போய்த்தான் நிறைவேற்ற வேண்டும். மன்னிப்பு முன்னே கிடைத்துவிடுகிறது. செய்ய வேண்டியது பின்னே வருகிறது. செபத்தை முடித்துவிட்டு வா, பிறகு மன்னிக்கிறேன் என்று எந்தச் சுவாமியாரும் சொல்வதில்லை. படிக்காத கிழவிக்கும் வாரம்தோறும் பழக்கமான இந்த முறைக்குள்தான் அத்தனை இறையியலும் அடங்கியிருக்கிறது.

நேர்ச்சைக்காரர்களின் கணக்கு இதோடு முரண்படுவதுபோலத் தோன்றும். பிள்ளைக்கு வேலை கிடைத்தால் மொட்டை, காய்ச்சல் தீர்ந்தால் வெள்ளிக் கண்மலர். இதைப் பேரம் என்று படித்தவர்கள் சிரிப்பார்கள். பேரத்தின் வாடை அதில் உண்டு. ஆனால் கிடைத்த பிறகு திரும்பி வந்து நன்றி செலுத்தும் கடமையையும் அது கற்றுத்தருகிறது. குறை எங்கே என்றால், கொடுத்த கடவுளுக்கு முடியைக் கொடுத்துவிட்டோம், கணக்கு தீர்ந்தது என்று எழுந்து போவதில்தான்.

புதுவைக்குத் தெற்கே கடலூரில் ஆற்காடு லுத்தரன் திருச்சபையின் தலைமையிடம் இருக்கிறது. அவர்கள் கோயிலில் மாதா சுரூபம் கிடையாது. அமலோற்பவத்தை ஏற்பதும் இல்லை. மனிதன் நற்செயலால் அல்ல, அருளால் மட்டுமே மீட்படைகிறான் என்று மார்ட்டின் லுத்தர் கிளப்பிய சண்டையில் மேற்குலகத் திருச்சபையே பிளந்தது. 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க்கில் கத்தோலிக்கரும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டார்கள். நம்முடைய எந்தத் தகுதியாலும் இன்றி, அருளால் மட்டுமே கடவுள் ஏற்றுக்கொள்கிறார். நற்செயல் அதன் கனியாகப் பின்னால் வருகிறது என்று இரண்டு தரப்பும் சேர்ந்தே சொன்னார்கள். மரியாளைப் பற்றிய வாக்குவாதம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஆனால் வில்லியனூர் சுரூபத்தின் அர்த்தமும் கடலூர்ப் பிரசங்க பீடத்தின் செய்தியும் ஒரே வரிசையில்தான் போகின்றன: முதலில் அருள், பிறகு கீழ்ப்படிதல்.

வரிசை மாறினால் எல்லாம் மாறிவிடும். கீழ்ப்படிதலை முன்னே வைத்தால் பயம் வரும், கர்வம் வரும். முடிந்தவன் முடியாதவனைக் கீழே பார்ப்பான். அருளை வைத்துக்கொண்டு கீழ்ப்படிதலை விட்டுவிட்டால், மன்னிப்பு மலிந்த சரக்காகிவிடும். சுவருக்கு இந்தப் பக்கம் நின்றே செபமாலை சொல்லலாம். பெர்னதெத்துக்கு அந்தப் பெண்மணி தோன்றிய பிறகுதான் அவள் சேற்றைத் தோண்டினாள். தோன்றியதோடு நின்றிருந்தால் ஊற்று இருந்திருக்காது.

ஆகவே வில்லியனூரிலிருந்து பஸ் ஏறி ஊர் திரும்புகிற கிறிஸ்தவருக்கு வேலை அங்கேதான் தொடங்குகிறது. நடவுக்கு வந்தவர்களின் கூலியைப் பிடித்துவைக்காமல் அன்றே கொடுக்கலாம். அடகுக்கு வந்த தோட்டைக் கணக்குப் புரட்டாமல் திருப்பித் தரலாம். அடுத்த திருவிழாவில் தேரைப் பக்கத்துத் தெருவுக்குள் விடலாம், தான் முன்னால் நின்று வடம் பிடிக்கலாம். இவற்றைச் செய்வதால் விடுதலை கிடைத்துவிடாது. விடுதலை கிடைத்தவர்கள் செய்கிற காரியங்கள் இவை.